புது ரிங் போட்ட வண்டியை ஏன் பொத்திப் பொத்தி ஓட்டக் கூடாது

தேய்ந்த சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து, அதாவது போர் போட்டு, புது பிஸ்டனும் ரிங்கும் மாட்டிய வண்டியைக் கையில் கொடுக்கும்போது மெக்கானிக்குகள் சொல்லும் வாசகம் எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: "அண்ணே, ஆயிரம் கிலோமீட்டருக்கு நாப்பதைத் தாண்டாதீங்க." பல வருடங்களுக்கு முன்னால் என் 100 சிசி வண்டிக்கு இந்த வேலை நடந்தபோது அதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். நாற்பது என்றால் எனக்கு முப்பத்தெட்டு. மேம்பாலம் ஏறும்போதுகூட ஆக்சிலேட்டரைத் திருக மனசு வராது. ஆயிரம் முடிந்தது, ஆயிரத்து ஐந்நூறும் முடிந்தது. சைலன்சரில் நீலப்புகை நின்றபாடில்லை. ஆயில் வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே வந்தது. மறுபடி பிளாக்கை, அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரை, கழற்றினால் உள்சுவர் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. "சூப்பரா இருக்கே" என்றேன். பட்டறைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அந்தப் பளபளப்புதான் வியாதியே.

அது எப்படி வந்தது என்று புரிய, ரிங் என்ன வேலை பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ரிங் நீராவிக் காலத்துச் சரக்கு. அப்போதெல்லாம் பிஸ்டனைச் சுற்றிச் சணலைத் திணித்துத்தான் நீராவி கசியாமல் அடைப்பார்கள். அதற்குப் பதிலாக ஒரு இடத்தில் வெட்டிவிட்ட உலோக வளையத்தைக் கொண்டுவந்தவர் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ஆங்கிலேய ரயில் இன்ஜின் பொறியாளர். 1854இல் இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் அதன் பலனை விளக்கினார். வெட்டு இருப்பதால் வளையம் ஸ்பிரிங் போல விரிந்து சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கும். சுவர் தேயத் தேய அதுவும் விரிந்து கொடுக்கும். 170 வருடம் கழித்தும் அடிப்படை மாறவில்லை. 1949இல் சென்னை செம்பியத்தில் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ் முதல் இன்றைய கம்பெனிகள் வரை செய்வதெல்லாம் அந்த வெட்டு வளையத்தின் வாரிசுகளைத்தான்.

நம் ஊர் 100 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியின் பிஸ்டனில் மூன்று வரிசை ரிங் உண்டு. மேலே இருப்பது எரிவாயுவைத் தடுக்க. நடுவில் இருப்பது பாதி நேரம் வாயுவைத் தடுக்கும், பாதி நேரம் ஆயிலை வழித்துக் கீழே தள்ளும். அடியில் இருப்பது ஆயில் ரிங்: இரண்டு மெல்லிய தகடுகளும் அவற்றுக்கிடையே ஒரு நெளிவுத் தகடும். மேல் ரிங் சரியாக உட்காராவிட்டால் எரிந்த வாயு கீழே ஆயில் இருக்கும் கிராங்க் கேஸுக்குள் இறங்கும். ஆயில் ரிங் உட்காராவிட்டால் ஆயில் மேலே ஏறி எரியும். முதலாவது இழுவையைத் திருடும், இரண்டாவது புகையாக வெளியே வரும்.

பலருக்கும் தெரியாத சங்கதி ஒன்று இங்கே இருக்கிறது. ரிங்கைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தால் லேசாக விறைக்கும். அந்த விறைப்பு மட்டும்தான் அதைச் சுவரோடு ஒட்ட வைக்கிறது என்று நினைப்போம். ஆனால் அந்தச் சொந்த விறைப்பு தரும் அழுத்தம் சொற்பம். உண்மையான அழுத்தம் எரிதலிலிருந்து வருகிறது. பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளம் ரிங்கைவிட ஒரு மயிரிழை அகலம். எரிந்த வாயு அந்தச் சந்து வழியாக ரிங்கின் முதுகுப் பக்கம் புகுந்து, அதை வெளிப்பக்கமாகச் சுவரில் அழுத்துகிறது. ஆக்சிலேட்டரை நன்றாகத் திறந்து இன்ஜினை இழுக்க வைக்கும்போது ஒரு சின்ன பெட்ரோல் இன்ஜினுக்குள் 40 பாருக்கு மேல் அழுத்தம் எகிறும். அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 40 கிலோ. காலை வைத்து உருட்டுகிற மாதிரி ஓட்டும்போது இதில் ஒரு பங்குதான் கிடைக்கும். ரிங்கை உட்கார வைப்பது வேகமானியின் முள் கிடையாது, இன்ஜின் சுமக்கும் லோடு. முப்பத்தெட்டில் சமதளச் சாலையில் ஓட்டிய என் வண்டியில் ரிங்குக்கு முதுகில் தட்டிக்கொடுக்க ஆளே இல்லாமல் போய்விட்டது.

அடுத்தது சுவர். லேத் பட்டறையில் போர் போட்டதும் வேலை முடிந்துவிடாது. கடைசியில் ஹோனிங் கல்லைச் சுழலவிட்டு மேலும் கீழும் ஆட்டி எடுப்பார்கள். சுவரில் குறுக்கும் நெடுக்கும் மெல்லிய கீறல்கள் விழும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பாய் பின்னல் போலத் தெரியும். இந்தக் கீறல்களின் பள்ளத்தில் ஆயில் தங்கும், முகடுகள் ரிங்கை உரசும். புது ரிங்கின் முகமும் முழுச் சுற்றுக்கும் ஒரே மாதிரி சுவரைத் தொடாது. அங்கங்கே தொடும், அங்கங்கே இடைவெளி விடும். அம்மி கொத்துவது மாதிரிதான். கொத்திய புதிதில் அம்மி முரடாக இருக்கும். கொஞ்சம் அரைத்ததும் மேல்முனை சமனாகி, பள்ளம் மட்டும் நிற்கும். இங்கும் முதல் ஓட்டத்தில் முகடுகளின் நுனி அறுபட்டு மேடு தட்டையாகிறது, கூடவே ரிங்கின் முகமும் சுவரின் வடிவத்துக்கு இழைகிறது. பள்ளங்கள் ஆயிலைச் சுமந்தபடி அப்படியே இருக்கின்றன. இதற்குத்தான் "ரிங் செட் ஆயிடுச்சு" என்று பெயர்.

இது நடக்க ஆயிரம் கிலோமீட்டர் வேண்டியதில்லை. ஒரு கணக்குப் போடலாம். ஸ்ப்ளெண்டரின் 97.2 சிசி இன்ஜினில் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒரு முறை கடக்கும் தூரம்) 49.5 மி.மீ. நிமிடத்துக்கு 4000 சுற்றில் ஓடினால் ரிங் நிமிடத்துக்கு 8000 தடவை அந்த ஐந்து சென்டிமீட்டரைக் கடக்கிறது, அதாவது 396 மீட்டர். ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 24 கிலோமீட்டர் தூரம், அதே விரல் நீளச் சுவரில், மேலும் கீழுமாக. முகடுகள் எவ்வளவு நேரம் முகடுகளாக இருக்கும்? தேய்மானத்தின் பெரும்பங்கு ஓட்டத்தின் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அந்த நேரத்தில் ரிங் சுவரோடு நன்றாக அழுந்தியிருந்தால் வேலை சுத்தம். அழுந்தாமல் மேலோட்டமாக வழுக்கிக்கொண்டிருந்தால் முகடு மழுங்கும், ஆனால் ரிங் இழையாது.

இன்னொன்றும் நடக்கும். சரியாக வழிக்கப்படாத ஆயில் சுவரில் படலமாக நின்று, எரிதலின் சூட்டில் கருகி, வார்னிஷ் போலப் படியும். தோசைக் கல்லில் எண்ணெய் படிந்து ஏறுமே, அதே பதம். கல்லுக்கு அது நல்லது, பிளாக்குக்குக் கேடு. கீறல்களின் பள்ளத்தை அது மெழுகி மூடிவிடும். அதன்மேல் ரிங் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடினாலும் இனி இழையாது. பட்டறைகளில் இதை கிளேஸ் என்பார்கள். என் வண்டியில் கண்ணாடி மாதிரித் தெரிந்தது இதுதான்.

இது ஏதோ ரேஸ் ஓட்டுகிற பையன்களின் வியாக்கியானம் என்று நினைப்பவர்களுக்கு விமான இன்ஜின்களைக் காட்டலாம். சின்ன விமானங்களில் இருக்கும் லைகமிங் இன்ஜின்கள் நம் பைக் இன்ஜின் மாதிரியே காற்றில் குளிர்பவை. புது சிலிண்டர் மாட்டிய இன்ஜினைப் பறக்கும்போது 65 முதல் 75 சதவீத பவரில் ஓட்டச் சொல்கிறது அந்தக் கம்பெனி. தரையில் நிறுத்தி ஐடிலில் ஓட்டுவதைக் குறைக்கச் சொல்கிறது. பாவம் புதுசு என்று பவரைக் குறைத்து ஓட்டினால் சிலிண்டர் சுவர் கிளேஸ் ஆகும் என்பதே காரணம். நடுவானில் இன்ஜின் நின்றால் ஓரங்கட்டி நிறுத்த முடியாத தொழிலில் இருப்பவர்களே இப்படிச் சொல்கிறார்கள்.

அப்படியானால் மெக்கானிக் சொன்னது முட்டாள்தனமா? கிடையாது. அவருடைய பயம் சூடு. அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பிஸ்டன் அலுமினியக் கலவை, பிளாக்கின் உள்ளே இருப்பது வார்ப்பிரும்புக் குழாய். இரண்டுக்கும் நடுவே விடும் இடைவெளியோ ஒரு தலைமுடியின் கனத்தில் பாதிகூட வராது. புது முகடுகள் உரசும்போது வழக்கத்தைவிட அதிகச் சூடு பிறக்கும். அதோடு நாற்பது நிமிடம் தொடர்ந்து முறுக்கினால் பிஸ்டன் விரிந்து சுவரைக் கவ்விக்கொள்ளும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்சக்கரம் இழுத்துப் பிடிக்கும். சீஸ். லேத்தில் போரைக் கொஞ்சம் டைட்டாக விட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். தன் பட்டறைக்கு அந்தப் பழி வரக் கூடாது என்று மெக்கானிக் நாற்பது என்று ஒரு எண்ணைச் சொல்லிவிடுகிறார். எண் நினைவில் நிற்கும், எல்லோருக்கும் புரியும். ஆனால் வேகத்துக்குக் கடிவாளம் போடுகிற சாக்கில் லோடுக்கும் கடிவாளம் போட்டுவிடுகிறது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வழி தெரிகிறது. லோடு வேண்டும், ஆனால் தவணை தவணையாக. நடுவில் ஆற இடம் கொடுக்க வேண்டும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பத்துப் பதினைந்து முறை கிக் அடித்தால் ஆயில் மேலே ஏறிவிடும். ஸ்டார்ட் ஆனதும் எங்காவது கசிகிறதா என்று பார்க்கும் நேரம் போதும். அதற்கு மேல் ஐடிலில் விட வேண்டாம். சில பட்டறைகளில் பிளாக் முன்னால் டேபிள் ஃபேனை வைத்து ஒரு மணி நேரம் சும்மா ஓடவிடும் பழக்கம் இருக்கிறது. ரிங்குக்கு அதைவிடக் கெட்ட தொடக்கம் கிடையாது. லோடு துளியும் இல்லை, ஆயில் மட்டும் சுவரில் தாராளம்.

வண்டி மிதமாகச் சூடேறியதும் ஆளில்லாத சாலைக்குப் போகலாம். மூன்றாவது கியரில் முப்பதிலிருந்து ஐம்பது வரை, அரை ஆக்சிலேட்டருக்குக் கொஞ்சம் மேலே திறந்து ஏற்ற வேண்டும். பிறகு பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டுவிட்டு, கியரிலேயே முப்பதுக்கு இறங்க விட வேண்டும். ஏறும்போது ரிங் சுவரில் அழுந்துகிறது. விடும்போது அழுத்தம் இறங்கி, உரசிய இடத்துக்கு ஆயில் வந்து, தேய்ந்த துகளைக் கழுவிக்கொண்டு போகிறது. இப்படி ஒரு பத்துப் பன்னிரண்டு தடவை. அப்புறம் வீட்டுக்கு வந்து நிறுத்தி, பிளாக்கைக் கையால் தொட முடிகிற அளவுக்கு ஆற விட்டு, இன்னொரு ரவுண்டு. மூன்றாவது ரவுண்டில் முக்கால் ஆக்சிலேட்டர்வரை போகலாம். ஊருக்கு வெளியே லேசான மேடு இருந்தால் இன்னும் வசதி. வேகம் ஏறாமலே லோடு கிடைக்கும்.

இதற்குப் பிறகும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குச் சில சங்கதிகளைத் தவிர்ப்பது நல்லது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் பிடித்து வைப்பது அதில் ஒன்று. இன்னொன்று, நாலாவது கியரில் இருபதில் திணறடிப்பது. நிறையப் பேர் இதைத்தான் மென்மையான ஓட்டம் என்று நினைக்கிறார்கள். சுற்று குறைவாக இருப்பதால் ஆயில் சுழற்சியும் மந்தம், சூடும் அதிகம். இன்ஜின் முனகிக்கொண்டே ஓடுவது அதற்கு ஓய்வு கிடையாது.

ஷோரூமிலிருந்து வரும் புத்தம்புது வண்டிக்கு இதைப் பொருத்த வேண்டாம். இப்போதைய தொழிற்சாலைகளில் ஹோனிங் முடிந்ததும் முகடுகளின் நுனியை அங்கேயே சமப்படுத்திவிடுகிறார்கள். ரிங்குக்கு மிச்சம் வைக்கும் வேலை குறைவு. அங்கே கையேடு சொல்லும் 500 அல்லது 1000 கிலோமீட்டர்க் கட்டுப்பாடு கியர், பேரிங், கிளட்ச், டயர், பிரேக் எல்லாவற்றையும் மனதில் வைத்து எழுதியது, வாரண்டியையும் சேர்த்து. அந்தக் கையேடுகளிலும் ஒரே வேகத்தில் ஓட்டாமல் மாற்றி மாற்றி ஓட்டச் சொல்வதைக் கவனித்தால் உள்ளே இதே தத்துவம் இருப்பது தெரியும்.

சரி, ஓட்டுவதைப் பற்றி இவ்வளவு பேசினாலும், ரிங் உட்காராமல் போவதற்கான காரணம் பல நேரம் வண்டி சாலைக்கு வருவதற்கு முன்பே முடிவாகியிருக்கும். அதில் முதல் குற்றவாளி கழுவல். ஹோனிங் கல்லிலிருந்து உதிர்ந்த தூள் சுவரின் கீறல்களுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கும். பட்டறையில் பிளாக்கை மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ முக்கித் துணியால் துடைத்துவிடுவார்கள். எண்ணெய்ப் பிசுக்கு போய்விடும், தூள் போகாது. பெட்ரோல் அதை இன்னும் ஆழமாகப் பள்ளத்துக்குள் கொண்டுபோய் வைக்கும். இதற்குச் சரியான மருந்து சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் ஒரு பிரஷ்ஷும்தான். நுரை தூளைத் தூக்கிக்கொண்டு வரும். நன்றாக அலசி, உடனே ஈரம் போகத் துடைத்து, வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டு உள்ளே ஒரு சுற்றுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் சாம்பல் நிறம் தெரிந்தால் மறுபடி சோப்பு. வெள்ளை வெள்ளையாகவே வரும்வரை. பிறகு துருப் பிடிக்காமல் ஆயில் தடவ வேண்டும். வார்ப்பிரும்பு பத்து நிமிடத்தில் செந்நிறம் காட்டிவிடும். இதைச் செய்யச் சொன்னால் சில மெக்கானிக்குகள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அந்தத் தூளோடு பூட்டிய இன்ஜினில் ஆயில் என்ற பெயரில் ஓடுவது அரைக்கும் பேஸ்ட்.

இரண்டாவது ரிங் வாய் இடைவெளி. ரிங்கைத் தனியாக பிளாக்கில் போட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து நேராகக் கீழே தள்ளி, வெட்டு வாயில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பார்க்க வேண்டும். பட்டறைக் கணக்கு போரின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் நாலு தவு (ஒரு தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு); 50 மி.மீ. போருக்கு எட்டு, அதாவது 0.2 மி.மீ. இது பொதுவான கணக்கு. அந்த வண்டிக்கான அளவு கையேட்டில் இருந்தால் அதுதான் கடைசி வார்த்தை. குறைந்தால் சூட்டில் ரிங்கின் இரு முனையும் முட்டி, சுவரைக் கீறும் அல்லது உடையும். அதிகமானால் வாயு கசியும். பெட்டியிலிருந்து எடுத்ததும் மாட்டிவிடாமல் இதைப் பார்ப்பவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்தால் கொஞ்சம் கவலையாக இருக்கிறது.

ரிங்கில் குட்டியாக ஒரு எழுத்து பொறித்திருக்கும். அந்தப் பக்கம் மேலே பார்க்க வேண்டும். நடு ரிங் தலைகீழானால் ஆயிலைக் கீழே வழிக்க வேண்டியது மேலே ஏற்றிவிடும். வாய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்க்கோட்டில் வராமல் சுற்றி மூன்று திசைக்குப் பிரித்து வைக்க வேண்டும். யமஹா ஆர்15 மாதிரி, உள்ளே இரும்புக் குழாய் இல்லாத டயாசில் என்ற அலுமினிய பிளாக் உள்ள வண்டிகளில் இந்தப் போர், ஹோனிங் கதையே செல்லாது. அங்கே தேய்ந்தால் பிளாக்கையே மாற்றுவதுதான் வழக்கம்.

ஆயில் விஷயத்தில் சண்டை ஓயாது. லைகமிங் முதல் 50 மணி நேரத்துக்கு, அல்லது ஆயில் செலவு ஒரு நிலைக்கு வரும்வரை, எதுவும் கலக்காத மினரல் ஆயிலை ஊற்றச் சொல்கிறது. இன்னொரு பக்கம் போர்ஷே கார்கள் தொழிற்சாலையிலேயே சிந்தெடிக் ஆயிலோடு வருகின்றன. அவற்றின் ரிங்கும் உட்காரத்தான் செய்கிறது. அதனால் சிந்தெடிக் ஊற்றினால் ரிங் செட் ஆகவே ஆகாது என்பது மிகை. ஆனால் பட்டறைக் கையால் ஹோனிங் போட்ட பிளாக்குக்கு விலை குறைந்த மினரல் ஆயில் போதும் என்பது என் கட்சி, காரணம் எளிது: அதை நூறு கிலோமீட்டரில் கொட்டப் போகிறோம். அறுபட்ட முகடெல்லாம் அதில்தான் மிதக்கிறது. வடித்த ஆயிலை வெயிலில் வைத்து ஒரு காந்தத்தை விட்டுக் கலக்கினால் மினுமினுப்பாக ஒட்டிக்கொண்டு வரும். அடுத்த மாற்றம் ஐந்நூறில், அப்புறம் வழக்கப்படி.

டூ ஸ்ட்ரோக் வேறு சாதி. 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 முதல் இன்றும் கிராமத்தில் மூட்டை சுமக்கும் பழைய எக்ஸெல் வரை, ஆயில் பெட்ரோலோடு கலந்தே வரும். ஆயில் ரிங்கே கிடையாது. ரிங் சுற்றிப் போய் அதன் வாய் சுவரில் உள்ள துளையில் சிக்காமல் இருக்க, பள்ளத்தில் ஒரு குட்டி ஆணி இருக்கும். வாயை அதில் பொருத்தியே பிளாக்கை இறக்க வேண்டும். முதல் ஓரிரு டேங்குக்கு 2டி ஆயிலைக் கொஞ்சம் தூக்கலாகக் கலப்பது வழக்கம். இந்த இன்ஜின்கள் சூட்டில் சீக்கிரம் சீஸ் ஆகும் ஜாதி என்பதால் இங்கே ஆற விடும் நேரம் இன்னும் முக்கியம்.

லோடு இல்லாமல் ஓடவிடும் பழக்கத்தால் அதிகம் கெடுவது பைக்கைவிட டீசல் இன்ஜின்தான். கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் வராத நாளில் ஓட்டும் ஆயில் இன்ஜினையும், கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரையும் புது ரிங் போட்ட கையோடு பெல்ட் மாட்டாமல், லைட் போடாமல் ராத்திரி முழுக்க ஓடவிட்டு "செட் ஆகட்டும்" என்பார்கள். டீசலுக்கு லோடு இல்லையென்றால் உள்ளே சூடே ஏறாது. எரியாத டீசல் சுவரில் வழிந்து ஆயிலோடு கலந்து, கிளேஸும் கரியும் சேர்ந்தே படியும். ஜெனரேட்டர்களைக் குறைந்தது 30 சதவீத லோடிலாவது ஓட்டச் சொல்வது இதற்காகத்தான். பம்ப்பை மாட்டி வயலுக்குத் தண்ணீர் இறைத்தால் ரிங்கும் உட்காரும், நெல்லும் நனையும்.

உட்கார்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? முதல் சில நூறு கிலோமீட்டரில் ஆயில் கொஞ்சம் குறைவது இயல்பு. பிறகு குறைவது நிற்க வேண்டும். கிக்கரை மெதுவாக அமுக்கினால் காலைத் தாங்கிப் பிடிக்கும் எதிர்ப்பு கூடியிருக்கும். கிராங்க் கேஸிலிருந்து வரும் பிரீத்தர் குழாயின் வாயில் விரலை வைத்தால் பலமாக ஊதித் தள்ளக் கூடாது. புகை தொடர்ந்தால் உடனே ரிங்கைக் குற்றம் சொல்லவும் வேண்டாம். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு வந்து, மறுபடி திறக்கும்போது மட்டும் ஒரு குப் என்று புகைத்தால் வால்வ் சீலைச் சந்தேகப்படலாம். முறுக்கி இழுக்கும்போதெல்லாம் புகைத்தால் ரிங். சந்தேகம் தீராவிட்டால் கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஒரு அளவு எடுத்துவிட்டு, பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு கூடினால் கசிவு ரிங்கில். அப்படியே இருந்தால் வால்வில்.

கிளேஸ் ஆகிவிட்டது என்று உறுதியானால் மேலே ஊற்றுகிற எந்தக் குப்பி மருந்தும் உதவாது. என் வண்டிக்குப் புதுப் போர் தேவைப்படவில்லை. பழைய அளவிலேயே லேசாக ஹோனிங் கல்லை விட்டுப் பளபளப்பை உடைத்து, ஒரு ரிங் செட் மட்டும் மாற்றினார் பட்டறைக்காரர். சோப்புத் தண்ணீர்க் கழுவல் இந்த முறை என் வேலை. வெள்ளைத் துணி நான்காவது தடவைதான் வெள்ளையாக வந்தது. மாலை பைபாஸில் மூன்றாவது கியரில் ஏற்றி இறக்கி, டீக்கடையில் நிறுத்தி ஆற வைத்து, மறுபடி ஏற்றி இறக்கினேன். அறுபதாவது கிலோமீட்டரில் திரும்பிப் பார்த்தபோது சைலன்சரில் புகை இல்லை.